மானுக்கு வாங்கிய கத்தி

அமெரிக்கா போய் வந்தேன் என்றால் என்ன பார்த்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய பாலம் பார்த்தாயா, அருவி பார்த்தாயா, பனி பார்த்தாயா என்கிறார்கள். எல்லாம் பார்த்தேன் என்று சொல்லி மழுப்பிவிடுகிறேன். உண்மையில் நான் அங்கே அதிகம் பார்த்தது ஒரு கத்தியை. இப்போது அது என் அடுப்படியில்தான் கிடக்கிறது. யாராவது அதைக் கையில் எடுத்து “இதென்ன இப்படிச் சுரண்டிக் கிடக்குது?” என்று கேட்டால், பேச்சை மாற்றிவிடுவேன். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கோணலாக வந்தாலும் விஷயம் நேராக வந்தால் சரி.

என் மகன் குமரேசன் டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்னும் ஊரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. அங்கே அவனைக் குமார் என்கிறார்கள். மருமகள் நித்யா சென்னைப் பெண், அவளுக்கும் அதே மாதிரி வேலை. ஊருக்குப் பேர் கொடுத்த பாறையைக் காட்டுகிறேன் என்று ஓர் ஓடைக்குக் கூட்டிப்போனான். தண்ணீருக்கு நடுவில் மேல்பக்கம் தட்டையாக ஒரு கல் இருந்தது. எங்கள் தாராபுரம் பக்கத்தில் இதைவிடப் பெரிய பாறைகள் காட்டுக்குக் காடு கிடக்கின்றன, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அதைச் சொல்லவில்லை. “நல்லாருக்குது கண்ணு” என்றேன்.

முதல் வாரம் நான் வாசல் தாண்டவில்லை. நாயைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் கையை ஆட்டிச் சிரிக்கிறார்கள். முன்பின் தெரியாதவர் சிரித்தால் நான் என்ன செய்வது? ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள் தட்டில் ஏதோ பலகாரம் மூடி எடுத்துக்கொண்டு வந்து மணியடித்தாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் கால் இரண்டும் சீலைக்குக் கீழே தெரிந்ததாம். அவள் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய், மறுநாள் நித்யாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அந்தப் பலகாரம் ஆப்பிளை வேக வைத்து மாவுக்குள் மூடியது. வெட்கத்தில் ஒரு வாய்க்கு மேல் தின்ன முடியவில்லை. பலகாரத்தின் மேல் குற்றமில்லை.

இனிமேல் சொல்வது புரிய வேண்டுமென்றால் எங்கள் பிழைப்பைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கறிக்கடை வைத்திருந்தார். அவர் அறுப்பார், உரிப்பார். நான் குடல் கழுவுவேன், தலையும் காலும் வாட்டித் தருவேன், கத்திகளைத் தீட்டி வைப்பேன். புரட்டாசியில் வியாபாரம் படுத்துவிடும், தீபாவளிக்கு எழுந்து நிற்கும். அதில்தான் குமரேசன் படித்தான். கல்யாணப் பேச்சு வந்தபோது, ஜாதகத்தோடு கொடுத்த தாளில் அப்பா தொழில் என்ற இடத்தில் ‘லைவ்ஸ்டாக் பிசினஸ்’ என்று போட்டான். நித்யாவுக்கு உண்மை தெரியும். அவள் ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் ஆபீசில் கேட்டால் ‘ஃபார்ம்’ என்றுதான் சொல்வானாம். இவர் உயிரோடு இருந்தபோதே அப்படித்தான். இவரும் அதைக் கேட்டுச் சிரித்து, “பண்ணையார்னு சொல்லச் சொல்லு, வேட்டி வாங்கிக்கறேன்” என்பார். போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் போயிருந்தது கார்த்திகை மாதம். அங்கே அது மான் வேட்டைக் காலமாம். ஒருநாள் சாப்பிடும்போது குமரேசன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். என்னவென்று கேட்டதற்குச் சொன்னான். அவனுக்கு மேலதிகாரி வெய்ன் என்று ஒருவர். வருஷா வருஷம் ஆபீசில் நாலைந்து பேரைத் தன் காட்டுக்கு வேட்டைக்கு அழைத்துப் போவார். போகிறவர்கள்தான் அவருக்கு நெருக்கம். ஆபீசில் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், நெருக்கமாக இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. இத்தனை வருஷத்தில் இவனை இப்போதுதான் முதல்முறையாகக் கூப்பிட்டிருக்கிறார். அம்மா வந்திருக்கிறாள் என்றதும் அவளையும் கூட்டிவா, என் மனைவியும் வருகிறாள் என்றாராம்.

“முதல் தடவை போறவந்தான் மானைச் சுத்தம் பண்ணணுமாம். அது அவங்க வழக்கம். நான் அங்க போயி அசிங்கப்படக் கூடாதும்மா” என்றான்.

அதற்கு ஒரு கத்தி வேண்டும். அவரவர் கத்தியை அவரவர் கொண்டுபோக வேண்டுமாம். பத்துப் பதினைந்து நாளாக அவன் கம்ப்யூட்டரில் கத்தி வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆபீஸ் வேலை என்று நினைத்து, நான் சத்தம் போடாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கத்திக் கடைக்குப் போனோம். வேட்டைச் சாமான் மட்டும் விற்கிற கடை, நம் ஊர் கல்யாண மண்டபம் மாதிரி மூன்று மடங்கு இருக்கும். உள்ளே நுழைந்ததும் செத்த கரடி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பஞ்சடைத்ததாம். சுவர் முழுக்க மான் தலைகள். அத்தனை கண்ணாடிக் கண்ணும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அத்தனை தலையையும் சும்மா சுவரில் மாட்டிவிட்டார்களே, சூப்பு வைக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. சீ என்று நானே அடக்கிக்கொண்டேன்.

கத்திகள் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தன. நகைக்கடையில்கூட அவ்வளவு வெளிச்சம் போட மாட்டார்கள். தாடி வைத்த ஒருவர் வந்து எதற்கு என்று கேட்டார். குமரேசன் சொன்னதும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மடக்குக் கத்தி ஒன்று. நுனியில் கொக்கி மாதிரி வளைந்தது ஒன்று, வயிற்றைத் திறக்க அந்தக் கொக்கியாம். முதுகில் ரம்பம் மாதிரிப் பல் வைத்த நீளக் கத்தி ஒன்று. குமரேசனுக்கு அந்த நீளக் கத்தி பிடித்துவிட்டது. கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். ஆபீஸ் ஆட்களுக்கு முன்னால் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று அவன் நினைத்தது எனக்குத் தெரிந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. வயிற்றுக்குள் கை போகும்போது கத்தி கைக்குள் ஒளிந்திருக்க வேண்டும். நீளமாக இருந்தால் நுனி எங்கே போகிறது என்று தெரியாது, குடலையோ மூத்திரப் பையையோ குத்திவிடும். குத்தினால் கறி நாறிப்போகும். பல் வைத்த முதுகில் கொழுப்பும் முடியும் ஏறிக்கொண்டால் கழுவி முடியாது. மடக்குக் கத்தியில் அந்த மடிப்புக்குள் ரத்தம் போய்க் காய்ந்துவிடும். இதையெல்லாம் அங்கே எப்படிச் சொல்வது? சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

அவனே என் பக்கம் குனிந்து, தாடிக்காரருக்குப் புரியாது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தி, “உனக்கு எது தோணுது?” என்று கேட்டான்.

எங்கள் கறிக்கடையை விட்டுப் போனபிறகு அவன் என்னிடம் அந்தத் தொழிலைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தாடையால் காட்டினேன். அலங்காரம் இல்லாத சின்னக் கத்தி. உள்ளங்கை நீளம் அலகு, முதுகு தடிமன், மூக்கு கொஞ்சம் கீழே தாழ்ந்து மழுங்கலாக இருந்தது. பிடி சொரசொரப்பு, ஈரத்தில் வழுக்காது. அலகு முழுக்கக் கன்னங்கரேல் என்று கருப்பு.

தாடிக்காரர் “அம்மாவுக்கு நல்ல கண்” என்று சொன்னாராம். சொல்லிவிட்டு அதை எடுத்து, பிடி என் பக்கம் வருமாறு திருப்பி, மரியாதையாக என்னிடம் நீட்டினார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கத்தியைக் கைக்குக் கை வாங்குவதில்லை. கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கைமாறினால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பகை வரும். எங்கள் கடையில் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், இவர் கத்தியைக் கட்டைமேல் வைப்பார், நான் எடுப்பேன். நாற்பது வருஷப் பழக்கம், இந்தக் கைக்கு வேறு தெரியாது. கண்ணாடிப் பெட்டிமேல் வைக்கும்படி கண்ணால் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. பயப்படுகிறேன் என்று நினைத்து, ஒன்றும் செய்யாது என்பதுபோல் இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“கையில வாங்கும்மா. எல்லாரும் பாக்கறாங்க” என்றான் குமரேசன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அங்க வெக்கச் சொல்லு சாமி.”

அவன் கண்ணை மூடித் திறந்தான். இங்கிலீஷில் ஏதோ சொன்னான். தாடிக்காரர் கத்தியை மெத்தென்று கண்ணாடிமேல் வைத்தார். ஆனால் அத்தனை பேர் பார்த்த பிறகு எனக்கு அதைத் தொடவே கை வரவில்லை. தொட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தொடாமலே வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, மாட்டுக்கறியை ராத்திரி முழுக்கப் புகையில் வேக வைத்தது என்று வாங்கித் தின்றான். நான் அதோடு வைத்துத் தந்த ஊறுகாயையும் ரொட்டியையும் தின்றேன். அந்த ரொட்டி பஞ்சு மாதிரி இருந்தது.

வேட்டைக்குப் போகிற அன்று விடியற்காலையில் எனக்கு முழிப்பு வந்துவிட்டது. அங்கே போனதிலிருந்து தூக்கம் அப்படித்தான். கத்தி டப்பா மேசைமேல் இருந்தது. சும்மா பார்க்கலாம் என்று எடுத்தேன். என் மூக்குக்கண்ணாடி மாடியில் இருந்தது. பெரிய விளக்குப் போட்டால் அவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று, அடுப்புக்கு மேலே எரிந்த சின்ன வெளிச்சத்தில் பார்த்தேன். கருப்பு, முழுக்கக் கருப்பு.

எங்கள் ஊரில் புதுக் கத்தி கொல்லன் பட்டறையிலிருந்து வரும்போது கருப்பாகத்தான் வரும். கருப்பாக இருந்தால் இன்னும் தீட்டவில்லை என்று அர்த்தம். வாங்கியவர்தான் கல்லில் போட்டுத் தேய்த்து, வெள்ளை வரும் வரை தீட்டி எடுக்க வேண்டும். எங்கள் கடையில் அது என் வேலை. இந்தப் பையன் தீட்டாத கத்தியை எடுத்துக்கொண்டு அந்த மேலதிகாரி முன்னால் போய் நிற்கப் போகிறானே, தோல்கூடக் கிழியாதே, அசிங்கப்படுவானே என்று பதறினேன். கூடவே, மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பாத்திரம் கழுவக்கூட மெஷின். இதாவது என்னால் ஆகுமே என்று நினைத்தேன்.

தீட்டுக்கல்லுக்குப் பதில் பின்வாசலில் சிமெண்டுப் படி இருந்தது. ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். குளிர் எலும்புக்குள் போனது. தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தேன். கருப்பு லேசில் போகவில்லை. என்ன கொல்லனோ, இப்படி அழுத்தமாகச் சுட்டிருக்கிறான் என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். விடிவதற்குள் இரண்டு பக்கமும் வெள்ளை தெரிந்தது. பிறகு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடி விளிம்பில் மெருகு பிடித்தேன். எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கிப் பார்த்தேன், நறுக்கியது. பிடிக்குப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, உறையில் போட்டு, டப்பாவில் வைத்து மூடினேன். அவனிடம் சொல்லவில்லை. எடுக்கும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன்.

வெய்னுடைய காடு மேற்கே, மலைமேடுகளுக்குள் இருந்தது. குமரேசனுடையது கரண்டில் ஓடுகிற கார். குளிருக்கு ஹீட்டர் போட்டதில் பாதி வழியிலேயே சார்ஜ் குறைந்துவிட்டது. ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கேட்டான். தொப்பி போட்ட ஒரு கிழவர் எங்கள் காரைச் சுற்றி வந்து பார்த்து, “இதற்குக் கொள்ளு வைக்க வேண்டுமா, தண்ணீர் காட்ட வேண்டுமா?” என்கிற மாதிரி ஏதோ கேட்டாராம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சார்ஜ் போட அங்கே வழியில்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு, கட்டை வண்டி மாதிரி மெல்ல மெல்லப் போனோம். பின்னால் வந்த லாரி எல்லாம் ஹாரன் அடித்தது. நான் அவனுடைய பழைய கோட்டைப் போர்த்திக்கொண்டு, மடியில் புளிச்சோற்றுத் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சூடு மட்டும்தான் காரில் சூடு. இரண்டு பக்கமும் கருவேல மரமும் கம்பி வேலியுமாக, தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் காடு மாதிரியே இருந்தது. ஆட்டைத்தான் காணவில்லை.

போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் வந்திருந்தார்கள். வெய்ன் நெட்டையான மனிதர், வெள்ளை மீசை. தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். அவருடைய மனைவி எனக்கு மடக்கு நாற்காலி போட்டு, காலுக்குக் கம்பளி போர்த்திவிட்டு, பெரிய பானையில் பீன்ஸும் கறியும் மிளகாயும் போட்டுக் காய்ச்சியதைக் கிண்ணத்தில் தந்தாள். காரம் என்று பயமுறுத்தினார்கள். எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. நான் கொண்டுபோன புளிச்சோற்றை அவள் ஒரு வாய் தின்று, கண்ணில் தண்ணீர் விட்டு, இன்னொரு வாய் தின்றாள். அவளிடம் மட்டும் நான் கொஞ்சம் சிரித்தேன்.

மத்தியானத்துக்கு மேல் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெய்னும் குமரேசனும் மானை வண்டியின் பின்தட்டில் போட்டுக்கொண்டு வந்தார்கள். சுட்டது வெய்ன். மானைப் புல்மேல் மல்லாக்கப் போட்டார்கள். ஆபீஸ்காரர்கள் சுற்றி நின்றார்கள். சூடு இறங்குவதற்குள் குடலை எடுத்துவிட வேண்டும். வெய்ன் குமரேசனைப் பார்த்துக் கையைக் காட்டினார். குமரேசன் பையிலிருந்து டப்பாவை எடுத்தான். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

உறையிலிருந்து கத்தியை உருவினான்.

பகல் வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. கருப்பு திட்டுத் திட்டாகப் போய், பக்கமெல்லாம் பூனை பிறாண்டின மாதிரிக் கோடு. நுனியில் கொஞ்ச இடத்தில் என் தேய்ப்புப் படவில்லை. அங்கே மட்டும் ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளிக் கோடு மின்னியது. அது கடையிலேயே தீட்டி வந்த கூர். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. மீதி நீளம் முழுக்க நான் தேய்த்தது, அலை அலையாக. கருப்பு என்பது அந்தக் கத்திக்குப் பூசின பூச்சு. துருப் பிடிக்காமல் இருக்கப் பூசுவார்களாம்.

கூட்டத்தில் ஒருவர், “என்ன குமார், இதை வைத்து ரோட்டைச் சுரண்டினாயா?” என்றார். இன்னொருவர் குங்குமத்தைக் காட்டி, “அறுப்பதற்கு முன்னாலேயே ரத்தமா?” என்றார். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது இது. அப்போது எனக்குச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரிப்பு.

குமரேசன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தக் கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் பார்வையை எடுத்துவிட்டு, தன் நெஞ்சில் கை வைத்து, சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். நான்தான் தீட்டினேன் என்று சொல்கிறான் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. இன்னும் சிரித்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. எனக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டானே என்று என் வயிறு குளிர்ந்தது. என்னால் அவன் சிரிக்கப்படுகிறானே என்று அதே வயிறு எரிந்தது.

வெய்ன் இடுப்பிலிருந்து தன்னுடைய கத்தியை உருவினார். பழைய கத்தி, மான்கொம்புப் பிடி. அதைத் திருப்பிப் பிடித்து, பிடியைக் குமரேசன் பக்கம் நீட்டினார்.

குமரேசன் கை நீட்டவில்லை.

வெய்ன் நீட்டியபடி நின்றார். ஆபீஸ்காரர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கத்திக் கடையில் என்மேல் பல்லைக் கடித்த பிள்ளை, இப்போது இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். பிறகு வண்டியின் பின்தட்டைக் காட்டி மெதுவாக ஏதோ கேட்டுக்கொண்டான். வெய்ன் புருவத்தைத் தூக்கினார், ஆனால் வைத்தார். குமரேசன் எடுத்தான்.

அதன்பிறகு நடந்ததை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். அவன் மானின் பக்கத்தில் மண்டியிட்டு, முதலில் அதன் நெற்றியில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்தான். என் வீட்டுக்காரர் தினமும் காலையில் அறுக்கிற முதல் ஆட்டுக்கு அப்படித்தான் வைப்பார். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார். பிறகு நெஞ்செலும்புக்குக் கீழே சின்னதாக ஒரு வாய் திறந்து, இடது கையின் இரண்டு விரலைக் கவட்டை மாதிரி உள்ளே விட்டு, குடலை அமுக்கிக்கொண்டு, கூர்ப்பக்கம் மேலே வருமாறு திருப்பி அந்த இரண்டு விரலுக்கு நடுவில் கத்தியை ஓட்டினான். தோல் சட்டைப் பித்தான் கழற்றுகிற மாதிரித் திறந்துகொண்டது. ஒரு சொட்டு அசிங்கம் வெளியே வரவில்லை. இடையில் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘ட்ச்’ என்றான். அதுகூட இவர்தான். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டின் காலைப் பிடிக்கச் சொல்லி இவர் அவனை நிறுத்துவார். நாற்றம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். திருப்பிக்கொண்டு நின்றான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் ஒரே கொத்தாக வெளியே இழுத்துப் போட்டுவிட்டு எழுந்தான். வெய்ன் குனிந்து உள்ளே பார்த்தார். அவன் தோளில் கை வைத்து ஒரு கேள்வி கேட்டார்.

என்ன கேட்பார் என்று இங்கிலீஷ் தெரியாமலே எனக்குத் தெரியும். எங்கே கற்றாய் என்பார். குமரேசன் வாயையே பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

“வீடியோ” என்றான்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் அப்பாவை மறைத்துவிட்டானே என்பதற்காக என்று சொன்னால் நன்றாக இருக்கும். அது இல்லை. அவன் அப்படிச் சொன்னதும் என் மனசுக்குள் முதலில் வந்தது, அப்பாடா, கடையைச் சொல்லவில்லை என்பதுதான். சொல்லியிருந்தால் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்திருப்பார்கள். அந்த மனிதரோடு நாற்பது வருஷம் ஒரே கட்டையில் நின்று பிழைத்தவள் நான். என் நெஞ்சும் அப்படித்தான் நினைத்தது.

வெய்ன் ஒரு தொடையை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். வருகிற வருஷமும் வர வேண்டும் என்று சொன்னாராம். காருக்கு அந்தக் காட்டிலிருந்த அவர் வீட்டுக் கரண்டிலேயே சார்ஜ் போட்டிருந்தார்கள். திரும்பும்போது ஹீட்டர் ஓடியது.

ரொம்ப தூரம் போனபிறகு, “கத்தியைக் கெடுத்துப் போட்டேன் கண்ணு” என்றேன்.

“விடும்மா.”

“நீ தீட்டுனதா ஏஞ் சொன்னே? கெழவி தெரியாமப் பண்ணீட்டான்னு சொல்லியிருந்தா உன்னையச் சிரிச்சிருக்க மாட்டாங்கல்ல?”

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். “நீ தீட்டுனேன்னு சொன்னா, உங்கம்மாவுக்கு எப்படிக் கத்தி தீட்டத் தெரியும்னு கேப்பாங்க. அப்புறம் எல்லாம் சொல்லோணும்” என்றான். ஆபீசுக்குப் போனதிலிருந்து பிடித்துக்கொண்ட ‘சொல்லணும்’ போய், அந்த ஒரு சொல் மட்டும் ஊர்ப் பேச்சில் வந்தது.

எனக்காகத்தான் என்று மத்தியானம் குளிர்ந்த வயிற்றை நினைத்து இன்னும் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டேன்.

வீட்டில் நித்யா கதவைத் திறந்து, “எப்படிப் போச்சு? பாஸ் என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். நல்லபடி போச்சு என்று சொல்லிவிட்டு அவன் நேராக அடுப்படிக் குழாய்க்குப் போனான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். மோந்து பார்த்தான். மறுபடி கழுவினான். நித்யா எலுமிச்சை வாசனைத் திரவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதையும் போட்டுக் கழுவி, மோந்து பார்த்து, குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றான்.

“அம்மா, புளி இருக்குதா?” என்றான்.

இவர் கடை மூடியதும் கையைப் புளி போட்டுத்தான் தேய்ப்பார். அது ஒன்றுக்குத்தான் அந்த வாடை போகும். காலையில் சோற்றுக்குக் கரைத்தது போக ஒரு உருண்டை மீதி இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்றேன். பழக்கத்தில் மேடைமேல் வைக்கப் போனேன்.

அவன் ஈரக்கையை நீட்டினான். புளியைக் கையிலேயே கொடுத்தேன்.